ஸ்கோர் ஏன் இறங்கியது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன மாதம் வீட்டுக் கடன் பற்றி எழுதினேன், அதற்கு வந்த கடிதங்களில் பாதி சிபில் ஸ்கோர் பற்றித்தான், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று வங்கிக்குக் காட்டும் எண். கடலூர், புதுச்சேரி பக்கமிருந்து வந்தவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன். வங்கியில் கடன் பிரிவில் பல வருஷம் உட்கார்ந்தவன் நான். ஸ்கோர் எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரிகிறது, ரிப்போர்ட்டைத் திறந்து வரி வரியாகப் படித்தவர்கள் மட்டும் குறைவு. கீழே வரும் பதில்களில் அதையே திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சார், வீடு வாங்க 28 லட்சம் கேட்டுப் போனேன். மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு "648தான் இருக்கு, ஆறு மாசம் கழிச்சு வாங்க" என்று அனுப்பிவிட்டார். ஏன் குறைந்தது என்று கேட்டால் அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. நேரு வீதிப் பக்கம் ஒருவர் 12,000 ரூபாய் கொடுத்தால் ஒரே வாரத்தில் 750 ஆக்கித் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?
*— லாஸ்பேட்டை வாசகர்*

கொடுக்காதீர்கள். நீங்கள் கடன் வாங்கிய வங்கிகளும் நிதி நிறுவனங்களும் உங்கள் கணக்கு விவரத்தை அனுப்புகின்றன, அதை வைத்துக் கணக்குப் போட்டு 300-லிருந்து 900-க்குள் ஒரு எண் வருகிறது. விவரம் மாறாமல் எண் மாறாது. விவரத்தில் தப்பு இருந்தால் திருத்தச் சொல்ல உங்களுக்கே உரிமை உண்டு, அதற்குக் காலணா செலவில்லை. 12,000 வாங்குகிறவர் அதிகபட்சம் செய்யக்கூடியது உங்கள் பெயரில் அந்தப் புகாரைப் போடுவதுதான், அதற்காக உங்கள் பான் கார்டு, ஆதார் நகல், போனுக்கு வரும் ஓ.டி.பி. எல்லாம் அவர் கைக்குப் போய்விடும். பணம் போவதை விட எனக்கு இதுதான் பயம், இந்த மூன்றும் ஒருவரிடம் சேர்ந்தால் உங்கள் பெயரில் ஆன்லைன் கடனே எடுத்துவிட முடியும்.

சரி, ஏன் குறைந்தது? அது ரிப்போர்ட்டில் இருக்கும். இந்தியாவில் கடன் விவரங்களைச் சேர்த்து ரிப்போர்ட்டும் ஸ்கோரும் போட ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்றவை நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க். சிபில் 2000-இலேயே தொடங்கிவிட்டதால் நம் பேச்சில் எல்லாமே சிபில் ஆகிவிட்டது. நான்கும் தனித்தனியாக வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை, ஸ்கோரோடு, இலவசமாகக் கொடுத்தே ஆக வேண்டும், 2017 ஜனவரியிலிருந்து இந்த விதி இருக்கிறது. அவரவர் இணையதளத்திலேயே எடுக்கலாம். பான் எண், பிறந்த தேதி, மொபைல் எண் கேட்கும். நடுவில் மாதச் சந்தா, வருஷச் சந்தா என்று பக்கம் வந்தால் பயந்து கட்டிவிடாதீர்கள், இலவச ரிப்போர்ட் என்று தனியாக ஒரு இணைப்பு இருக்கும்.

கையில் வந்ததும் ஸ்கோரை ஒரு நிமிஷம் மறந்துவிட்டு இப்படிப் பாருங்கள். முதலில் பெயர், பிறந்த தேதி, பான், முகவரி, போன் எண். நீங்கள் ஒருநாளும் குடியிருக்காத முகவரி இருந்தால் அங்கேயே பேனாவால் ஒரு கோடு போடுங்கள். அடுத்து கணக்குகள். ஒவ்வொரு கடனுக்கும் எப்போது ஆரம்பித்தது, எவ்வளவு பாக்கி, கணக்கு ஓடுகிறதா முடிந்ததா என்று இருக்கும், அதற்குக் கீழே மாத வாரியாகச் சின்னச் சின்னக் கட்டங்கள், கடைசி 36 மாதத்துக்கு. 000 என்றால் அந்த மாதம் பாக்கி இல்லை. 030 என்றால் 30 நாள் தாமதம். எக்ஸ் எக்ஸ் எக்ஸ் என்று இருந்தால் அந்த மாதம் வங்கி விவரமே அனுப்பவில்லை என்று அர்த்தம், அதைப் பார்த்துக் கலங்க வேண்டாம். கடைசியில் விசாரணைகள், அதாவது எந்த எந்த நிறுவனம் கடன் கொடுக்க உங்களை எட்டிப் பார்த்தது என்ற பட்டியல். ஒரே மாதத்தில் ஆறு ஏழு இடத்தில் கடன் கேட்டிருந்தால் அதுவே ஸ்கோரைக் கொஞ்சம் இறக்கும். "உடனடி லோன்" என்று போனில் வந்ததையெல்லாம் அழுத்திப் பார்த்தீர்களா என்று யோசியுங்கள்.

நாமே நம் ஸ்கோரை அடிக்கடி பார்த்தால் குறையும் என்கிறார்களே?
*— திருப்பாதிரிப்புலியூர் வாசகி*

குறையாதுங்க. நாமே பார்ப்பது வேறு, கடன் கொடுக்க வங்கி பார்ப்பது வேறு. இரண்டாவதுதான் ஸ்கோரில் சேரும்.

ஐயா, என் வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறார். பைக் லோன் தவணை மாதம் 4,350, ஒவ்வொரு 5-ஆம் தேதியும் பிடிப்பார்கள். மீன்பிடித் தடைக்காலத்தில் கையில் காசில்லாமல் மே, ஜூன் தவணை பவுன்ஸ் ஆகிவிட்டது. ஜூலை முதல் வாரம் அபராதத்தோடு மொத்தமாகக் கட்டிவிட்டோம். இப்போது நான் குழு லோன் கேட்டால் வீட்டில் பழைய டியூ இருக்கிறது என்று யோசிக்கிறார்கள். கட்டி முடித்த பிறகும் ஏன் இப்படி?
*— தேவனாம்பட்டினம் வாசகி*

அம்மா, நீங்கள் கட்டினீர்கள், அது ரிப்போர்ட்டிலும் இருக்கிறது. தாமதமும் கூடவே இருக்கிறது. மே 5-ஆம் தேதி தவணை நின்றதால் மே மாதக் கட்டத்தில் 26 நாள், ஜூன் மாதக் கட்டத்தில் 56 நாள் என்று ஏறக்குறைய விழுந்திருக்கும், ஜூலையில் மறுபடி 000. தாமதம் 90 நாளைத் தாண்டினால்தான் வாராக்கடன் என்று பெயர் மாறும், நீங்கள் அதற்கு முன்பே கட்டிவிட்டீர்கள், அது பெரிய விஷயம். அந்த இரண்டு கட்டமும் உண்மை என்பதால் யாராலும் அழிக்க முடியாது. ஆனால் மேலே மேலே 000 சேரச் சேர அதன் பாரம் குறையும், 36 மாதம் ஆனால் அந்த வரிசையிலிருந்தே நகர்ந்துவிடும்.

குழு லோன்காரர்கள் உங்கள் பெயரை மட்டும் பார்ப்பதில்லை. 2022-இல் வந்த விதிப்படி கணவன், மனைவி, திருமணமாகாத பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து ஒரு குடும்பம், குடும்பத்தின் எல்லாத் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. அதனால்தான் உங்கள் வீட்டுக்காரர் பைக் லோன் உங்கள் பேச்சில் வருகிறது.

எனக்கு இந்தக் கடிதம் மனசைப் போட்டு அரித்தது, ஏனென்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கடலுக்குப் போக முடியாது என்பது புயல் மாதிரி திடீரென்று வருவதில்லை, வருஷா வருஷம் அதே தேதி. கடன் கொடுக்கும்போதே அந்த இரண்டு மாதத்தை விட்டுத் தவணை போடச் சொல்லிக் கேளுங்கள், ஒப்புக்கொள்ளவில்லை என்றாலும் பிப்ரவரி, மார்ச்சிலேயே எழுத்தில் கொடுத்துக் கேளுங்கள். பவுன்ஸ் ஆன பிறகு கேட்டால் பேச்சு வேறு மாதிரி போகும். அப்புறம் உங்கள் கையில் இருக்கும் வழி: இரண்டு தவணை 8,700 ரூபாய். ஜூலையில் ஆரம்பித்து மாதம் 870 ரூபாய் என்று 10 மாத ஆர்.டி. ஒன்று போடுங்கள். மே மாதத் தவணைக்கு அது கைக்கு வந்துவிடும். லோன் பிடிக்கிற அதே கணக்கில் சும்மா போட்டு வைத்தால் நிற்காது, பள்ளிக்கூடம் திறக்கிற செலவு அதை இழுத்துக்கொள்ளும்.

சார், நான் பண்ருட்டியில் முந்திரி வியாபாரம் செய்கிறேன். என் ரிப்போர்ட்டில் நான் வாங்கவே வாங்காத பர்சனல் லோன் ஒன்று இருக்கிறது. 1,80,000 ரூபாய், சென்னை முகவரி, எட்டு மாதமாகப் பாக்கி. அந்த வங்கியில் எனக்குக் கணக்கே கிடையாது. கிளைக்குப் போனால் "எங்களுக்குத் தெரியாது, சிபிலைக் கேளுங்கள்" என்கிறார்கள். எங்கே போய் முட்டிக்கொள்வது?
*— பண்ருட்டி வாசகர்*

இதில் இரண்டு சாத்தியம். ஒன்று, உங்கள் பான் எண்ணை வைத்து யாரோ ஏமாற்றி எடுத்த கடன். இன்னொன்று, வேறொருவர் நியாயமாக எடுத்த கடன் உங்கள் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. இரண்டாவது நம் ஊரில் நடக்கக் காரணம் இருக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, இனிஷியல்தான். பாஸ்புக்கில் எஸ். குமார் என்று இருப்பார், பான் கார்டில் இனிஷியலை ஏற்க மாட்டார்கள் என்பதால் அப்பா பெயர் விரிந்து குமார் செல்வராஜ் ஆகியிருப்பார், லோன் படிவத்தில் யாரோ செல்வராஜ் குமார் என்று தட்டியிருப்பார்கள். கடலூரிலிருந்து சென்னை வரைக்கும் எத்தனை குமாருக்கு அப்பா செல்வராஜ் என்று யோசித்துப் பாருங்கள். பிறந்த தேதியாவது பிரித்துக் காட்டும் என்றால், பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியாரே மே, ஜூன் என்று ஒரு தேதி போட்டு அனுப்பிய தலைமுறை நாம், அதுவும் பலருக்கு ஒன்றாகவே இருக்கும்.

ரிப்போர்ட்டின் மேலேயே கண்ட்ரோல் நம்பர் என்று ஒன்று இருக்கும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நிறுவனத்தின் தளத்தில் திருத்தம் கோரும் பகுதிக்குப் போய், எந்தக் கணக்கு என்று காட்டி, "இது என்னுடையதல்ல" என்பதைத் தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். அதே நாளில் அந்த வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கும் எழுதுங்கள், கிளைக்கு மட்டும் எழுதினால் போதாது. நீளமாக வேண்டாம், இவ்வளவு போதும்: "இந்த எண்ணுள்ள கடனை நான் வாங்கவில்லை. அதற்கான விண்ணப்பம், கையெழுத்து, புகைப்படம், கடன் தொகை போன கணக்கு எண் ஆகியவற்றைக் காட்டுங்கள், இல்லையென்றால் என் ரிப்போர்ட்டிலிருந்து நீக்குங்கள்." கூடவே பான் நகலும், ரிப்போர்ட்டில் அந்தப் பக்கமும். நேரில் கொடுத்தால் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள், தபாலில் என்றால் ஸ்பீடு போஸ்ட் ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

நாள் கணக்கு அன்றிலிருந்து ஓடுகிறது. வங்கி 21 நாளுக்குள் சரிபார்த்து அனுப்ப வேண்டும், மொத்தம் 30 நாளுக்குள் முடிய வேண்டும். தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்கு நஷ்டஈடு, தாமதம் யாருடையதோ அவர்கள் கொடுக்க வேண்டும். 2024 ஏப்ரல் 26-இலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது, கடிதத்தில் இதைக் குறிப்பிடுங்கள். திருத்த மறுத்தால் காரணத்தைச் சொல்லியாக வேண்டும்.

30 நாளில் பதில் இல்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேனிடம் போங்கள், வங்கிகள் மேல் வரும் புகார்களை விசாரிக்கும் அதிகாரி அவர். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. ஆன்லைனில் போடலாம், தாளில் எழுதி சண்டிகரில் உள்ள ரிசர்வ் வங்கியின் புகார் மையத்துக்கும் அனுப்பலாம். எப்படி என்று கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. வங்கிக்கு முதலில் எழுதிய ஆதாரம் இல்லாமல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், முத்திரை வாங்கச் சொன்னது அதற்குத்தான்.

அந்தக் கடனில் உங்கள் பான் எண்ணே இருக்கிறது, கையெழுத்து மட்டும் வேறு என்று தெரிந்தால் அது மோசடி. உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்குச் சொல்லி, போலீஸில் எழுத்துப் புகார் கொடுத்து, அதன் நகலையும் வங்கிக்கு அனுப்புங்கள்.

அண்ணா, கொரோனா சமயத்தில் வேலை போய் கிரெடிட் கார்டில் 74,000 நின்றுவிட்டது. வசூல்காரர் 40,000 கட்டினால் முடித்துவிடலாம் என்றார், நகையை வைத்துக் கட்டினேன். இப்போது ரிப்போர்ட்டில் "செட்டில்டு" என்று இருப்பதால் எங்கும் கடன் கிடைக்கவில்லை.
*— வில்லியனூர் வாசகர்*

தம்பி, அன்றைக்கு உங்களுக்கு வேறு வழியில்லை, அதைப் பற்றி மனசு கஷ்டப்பட வேண்டாம். ஆனால் "முடித்துவிடலாம்" என்று அவர் சொன்னதற்கும் ரிப்போர்ட்டில் "குளோஸ்டு" என்று இருப்பதற்கும் வித்தியாசம் உண்டு. முழுப் பணமும் வந்தால் குளோஸ்டு, பாதியை விட்டுக்கொடுத்து முடித்தால் செட்டில்டு. அடுத்து கடன் கொடுக்கிறவர் கண்ணுக்கு, விட்டுக்கொடுத்தது நஷ்டமாகத் தெரிகிறது.

வங்கிக்கு எழுதி, விட்டுக்கொடுத்த 34,000-ஐ இப்போது கட்டினால் நிலையை "குளோஸ்டு" என்று மாற்றி அனுப்புவீர்களா என்று முதலில் எழுத்தில் வாங்குங்கள். ஒப்புக்கொண்ட பிறகு கட்டுங்கள், வங்கிக் கணக்குக்கு மட்டும், வசூல்காரர் சொல்கிற போன் நம்பருக்கு இல்லை. நோ டியூ சர்டிபிகேட் கைக்கு வந்து ஒரு மாதம் கழித்து ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். அடுத்த இரண்டு மூன்று வருஷத்தில் வீட்டுக் கடன் யோசனை இருந்தால் இந்தச் செலவு தகும். அப்படி எதுவும் இல்லை என்றால் அந்த 34,000-ஐ வைத்து முதலில் நகையைத் திருப்புங்கள் என்றுதான் சொல்வேன்.

ஒரு தடவைகூடத் தேய்க்காத கிரெடிட் கார்டுக்கு எப்படி டியூ வரும்?
*— மஞ்சக்குப்பம் வாசகர்*

எனக்கே வந்தது. ஒரு வங்கியில் கணக்கு ஆரம்பித்தபோது கூடவே ஒரு கார்டைக் கொடுத்தார்கள், பீரோவில் புடவைகளுக்கு நடுவே வைத்து மறந்துபோனோம். வருஷக் கட்டணம் 500, ஜி.எஸ்.டி. 90, மொத்தம் 590 ரூபாய். பில் போனது பழைய முகவரிக்கு. தாமதக் கட்டணம், அதற்கு வட்டி என்று வளர்ந்து, மகளின் படிப்புக் கடனுக்குக் கூட்டுக் கையெழுத்துப் போடப் போன அன்றைக்குத்தான் தெரிந்தது. கடன் பிரிவில் வேலை பார்த்தவன் என் ரிப்போர்ட்டை அதுவரை ஒரு தடவைகூட எடுத்துப் பார்த்ததில்லை.

இப்போது விதி நமக்குச் சாதகம். 2022 அக்டோபரிலிருந்து, 30 நாளுக்கு மேல் இயக்கப்படாத புதுக் கார்டுக்கு வங்கி ஓ.டி.பி. மூலம் சம்மதம் கேட்க வேண்டும், சம்மதம் இல்லை என்றால் செலவில்லாமல் மூட வேண்டும். பாக்கி எதுவும் இல்லாத கார்டை மூடச் சொன்னால் 7 வேலை நாளில் மூட வேண்டும், தாண்டினால் நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்கு. பீரோவைத் திறந்து பாருங்கள்.

மச்சான் டெம்போ வாங்க ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். அவர் கட்டவில்லை, என் ஸ்கோர் இறங்கிவிட்டது. என் பெயரை எடுக்க முடியுமா?
*— நெய்வேலி வாசகர்*

கடன் முடியும்வரை முடியாது. ஜாமீன் போட்டவர் ரிப்போர்ட்டிலும் அந்தக் கடன் இருக்கும், தாமதமும் சேர்ந்தே விழும். வங்கி ஒப்புக்கொண்டு வேறொருவரை ஜாமீனாக மாற்றினால் மட்டும் விடுதலை. மச்சானோடு உட்கார்ந்து, வண்டியை விற்றாவது கடனை முடிக்கப் பேசுங்கள். பேசக் கூச்சமாகத்தான் இருக்கும், ஆனால் மாதம் ஒன்று போனால் உங்கள் பக்கத்தில் ஒரு கட்டம் கூடுகிறது.

2011 தானே புயலில் எங்கள் முந்திரித் தோப்பு மொத்தமும் சாய்ந்தது. அப்பா வாங்கிய கடன் அப்படியே நின்றது, இப்போது அப்பாவும் இல்லை. என் சிபிலில் அது வருமா?
*— குறிஞ்சிப்பாடிப் பக்கத்து வாசகர்*

நீங்கள் கூட்டாகவோ ஜாமீனாகவோ கையெழுத்துப் போடவில்லை என்றால் வராது, வரவும் கூடாது. வந்தால் பண்ருட்டி வாசகருக்குச் சொன்னபடி எழுதுங்கள். அப்பாவின் சொத்து உங்களுக்கு வந்திருந்தால் அந்தச் சொத்தின் அளவுக்கு வங்கி கேட்கலாம், அது வேறு விஷயம். அந்த டிசம்பர் 30-ஆம் தேதி விடிந்தபோது பார்த்த தோப்புகள் எனக்கும் மறக்கவில்லை.

வீட்டுக் கடனை முடித்து இரண்டு மாதம் ஆகிறது. ரிப்போர்ட்டில் இன்னும் ஓடுகிற கடன் என்று இருக்கிறது, பத்திரமும் தரவில்லை.
*— அரியாங்குப்பம் வாசகி*

இரண்டுமே தப்பு. 2025 ஜனவரியிலிருந்து வங்கிகள் 15 நாளுக்கு ஒருமுறையாவது விவரம் அனுப்ப வேண்டும், அதனால் இரண்டு மாதம் என்பதற்குச் சாக்கு இல்லை. பத்திரத்தை, கடன் முழுவதும் கட்டிய 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும், வங்கியின் தவறால் தாண்டினால் நாளுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். இந்தத் தொகையைக் குறிப்பிட்டு நாளைக்கே எழுதுங்கள்.

அண்ணா, எனக்கு வயது 23, சிப்காட்டில் வேலை, சம்பளம் 19,000. கடன் வாங்கியதே இல்லை. பார்த்தால் ஸ்கோருக்குப் பதில் -1 என்று இருக்கிறது. நான் என்ன தப்புச் செய்தேன்?
*— கடலூர் முதுநகர் வாசகி*

ஒரு தப்பும் இல்லை தங்கச்சி, உங்களைப் பற்றி எழுத இன்னும் ஒன்றுமில்லை என்பதைத்தான் அது சொல்கிறது. இவ்வளவு ஸ்கோர் இருந்தால்தான் கடன் என்று ரிசர்வ் வங்கி ஒரு எண்ணை விதிக்கவில்லை, முதல்முறை கேட்கிறவரை -1 என்பதற்காக மட்டும் திருப்பி அனுப்புவது சரியில்லை.

ஆரம்பிக்க வேண்டும் என்றால் உங்கள் வங்கியில் 15,000 அல்லது 20,000 ரூபாய் டெபாசிட் போட்டு, அதன் பேரில் ஒரு கிரெடிட் கார்டு கேளுங்கள். மாதாமாதம் பஸ் பாஸ், போன் ரீசார்ஜ், மளிகை இவ்வளவுதான், வரம்பில் 30 சதவீதத்தைத் தாண்டாமல். பில் வந்ததும் முழுத் தொகையையும் கட்டுங்கள், "குறைந்தபட்சத் தொகை" என்று ஒரு சின்ன எண் காட்டுவார்கள், அந்தப் பக்கம் போகவே வேண்டாம், மிச்சத்துக்கு வட்டி ஏறும். ஆறு மாதம் கழித்து மறுபடி எடுத்துப் பாருங்கள், -1 இருந்த இடத்தில் ஒரு மூன்று இலக்க எண் வந்திருக்கும்.

அதுவரை, கூட வேலை பார்க்கிறவர்கள் யாராவது "உன் பேருல ஒரு போன் மட்டும் தவணையில எடுத்துத் தா, நான் கட்டிடுறேன்" என்று கேட்டால் முடியாது என்று சொல்லிவிடுங்கள்.